பின்னால் கண் வைத்த மோட்டார்

இந்த வாரம் எழுதியிருப்பதைப் பல வருஷமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். பேனாவை எடுப்பேன், ஜெபம் சொல்வேன், கடைசியில் வேறு எதையாவது எழுதி அனுப்பிவிடுவேன். தங்கவயலைப் பற்றி எழுதினேன், என் கல்யாணத்தைப் பற்றி எழுதினேன். இதை மட்டும் தொடவில்லை.

காரணம் வேறொன்றுமில்லை. இதில் வருகிற மனிதர் உயிரோடு இருக்கிறார். ஞாயிறு பூசை முடிந்ததும் என் வீட்டில்தான் சாப்பிடுகிறார். இந்தப் பத்திரிகையையும் தவறாமல் படிக்கிறார்.

அவர் என் சகலை சேவியர். என் மனைவி ரெஜினாவின் தங்கை செலினைக் கட்டியவர். அவர் மேல் எனக்கு இருந்த பொறாமையைத்தான் எழுதப்போகிறேன். ‘இருந்த’ என்று எழுதிவிட்டேன். சரி, அடிக்காமல் விடுகிறேன்.

முள் நகர்ந்த சாயங்காலம்

பெங்களூர் விவேக் நகரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகர ஷெட். குழந்தை இயேசு திருவிழாவுக்கு முந்தைய நவநாள் சாயங்காலங்களில் ஒன்று. தெருவில் ஜனம் மெழுகுவத்தியும் மாலையுமாகக் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தது. மார்கழிக் குளிர் தகரத்தில் இறங்கிவிட்டிருந்தது.

உள்ளே என் மில்லிங் மெஷின் ஒரு அலுமினியத் தகட்டைக் குடைந்துகொண்டிருந்தது. மெஷினில் ஊற்றும் எண்ணெய் வாசனை, தெருவிலிருந்து வந்த மெழுகு வாசனை, ஷட்டரில் சாய்ந்து நின்ற சேவியரின் காப்பி வாசனை. மூன்றும் சேர்ந்து இன்றும் என் மூக்கில் இருக்கின்றன.

வேலை முடிந்து மேசை தானாகப் புறப்பட்ட இடத்துக்குத் திரும்பியது. அங்கே டயல் கேஜை வைத்திருந்தேன். கடிகாரம் மாதிரி முள் வைத்த கருவி. தலைமுடியைவிட மெல்லிய நகர்வையும் காட்டிக் கொடுத்துவிடும். மேசை சரியாகத் திரும்பியிருந்தால் முள் ஜீரோவில் நிற்க வேண்டும்.

நிற்கவில்லை.

“இன்னா சகல, வந்துச்சா ஜீரோ?” என்றார் சேவியர்.

“வந்துச்சு” என்றேன். டயலுக்கும் அவருக்கும் நடுவில் என் முதுகு இருந்தது.

“உங்க மோட்டார் சத்தமே பாட்டு மாதிரி கீதே. கேட்டுக்கினே இருக்கலாம்.”

கிண்டல் என்றுதான் எடுத்துக்கொண்டேன். என் மோட்டார் ஓடும்போது ‘ஊய்ங்’ என்று ஏறி இறங்கும். அவருடையது சத்தமில்லாமல் ஓடுகிற உயர்ந்த ஜாதி. தம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, கோயில் வரிசையில் நின்ற செலினை அழைத்துக்கொண்டு போனார். நல்ல மனுஷன், தம்ளரைக்கூடக் கழுவி வைப்பார். அதுவும் எனக்கு எரிச்சல்.

பெயிண்டைப் பார்த்து எடுத்தது

அந்த மெஷினின் கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து சொல்ல வேண்டும்.

தொண்ணூறுகளின் கடைசியில் எங்களைப் போன்ற சின்னப் பட்டறைக்காரர்களிடம் கம்பெனிகள் முதலில் கேட்ட கேள்வி, “சிஎன்சி இருக்கா?” என்பதுதான். கையால் கைப்பிடியைச் சுழற்றி வேலை செய்கிற காலம் போய், கம்ப்யூட்டர் சொன்னபடி மெஷின் தானாக வெட்டுகிற காலம் வந்துவிட்டது. புது சிஎன்சி மெஷின் எங்கள் கைக்கு எட்டாதது. பழைய மில்லிங் மெஷினை வாங்கி, கைப்பிடிகளைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் மோட்டார் வைத்து, நாமே சிஎன்சியாக மாற்றிக்கொள்வது ஒரு வழி. அப்போது நிறையப் பேர் முயற்சி செய்தார்கள்.

மூடிப்போன ஒரு தொழிற்சாலையில் சாமான்களை விற்றார்கள். நானும் சேவியரும் சேர்ந்தே போனோம். ஒரே மாதிரி இரண்டு மெஷின்கள் பக்கத்துப் பக்கத்தில் நின்றன.

“நீங்க பெரியவரு சகல. மொதல்ல நீங்க எடுங்க” என்றார்.

பச்சைப் பெயிண்ட் பளபளவென்று இருந்ததை எடுத்தேன். அவருக்குக் கிடைத்தது தோல் உரிந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தால், என் மெஷினில் கைப்பிடியைத் திருப்பினால் மேசை நகருவதற்கு முன் கொஞ்சம் வெறுமனே சுற்றியது. திருகுகள் தேய்ந்திருந்தன. அவருடையதில் தேய்மானமே இல்லை. முதலில் எடுக்கச் சொல்லி என்னை மாட்டிவிட்டார் என்றுதான் என் மனசு சொன்னது. அவரும் என்னைப் போலத்தான் ஒன்றும் தெரியாமல் நின்றார் என்பதை அது கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

அந்தத் திருகுகளை மாற்றி வைக்கவே எனக்கு ஒரு மழைக்காலம் போயிற்று.

சிவாஜிநகர் பாய் கடை

மோட்டார் தேடி சிவாஜிநகருக்கும் சேர்ந்தே போனோம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், கறிக்கடைகளைத் தாண்டினால் குஜரிக் கடைகள். பழைய இரும்புக் கடையை பெங்களூரில் அப்படித்தான் சொல்வோம். ஒரு கடையில் பாய் ஒரு சாக்கை விலக்கினார்.

“இத பாருங்க. ஃபாரின் மெஷின்லேந்து கழட்டினது. சர்வோ மோட்டார், டிரைவு, எல்லாம் ஒரே செட்டு. இன்னொரு செட்டு கேட்டா என்கிட்ட இல்ல.”

“பின்னால டப்பா மாதிரி இருக்குதே, அது இன்னா பாய்?”

“கண்ணு. மோட்டார் எவ்ளோ சுத்துச்சுன்னு அதுவே பாத்துச் சொல்லும். சொன்ன எடத்துக்குப் போகலன்னா டிரைவு பட்டுனு நிறுத்திடும்.”

பக்கத்தில் இன்னொரு குவியல், ஸ்டெப்பர் மோட்டார்கள். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கம்ப்யூட்டரின் குரல் ரொம்பச் சன்னமானது. அதை மோட்டாருக்குப் புரிகிற பலமான கரண்டாக மாற்றித் தருகிற பெட்டிதான் டிரைவ். ஸ்டெப்பருக்கு அந்த டிரைவ் ஒரு துடிப்பு கொடுத்தால் ஒரு அடி வைக்கும். நூறு துடிப்பு கொடுத்தால் நூறு அடி. வைத்ததா, வழுக்கியதா என்று திரும்பிச் சொல்ல அதற்கு வழி கிடையாது. பின்னால் கண் இல்லை. சொன்னதைச் செய்ததாகவே நினைத்துக்கொண்டு போய்க்கொண்டிருக்கும்.

“நீங்க பெரியவரு, மொதல்ல நீங்க பாருங்க” என்றார் சேவியர் மறுபடியும்.

நான் ஸ்டெப்பர் என்றேன். நல்ல காரணங்கள் இருந்தன. சர்வோ டிரைவில் குட்டிக் குட்டித் திருகுகள் இருக்கும். மோட்டார் துள்ளாமலும் சோம்பாமலும் ஓட அவற்றைத் திருகிப் பதம் பார்க்க வேண்டும். அதற்குத் தனிப் பழக்கம் வேண்டும். ஸ்டெப்பருக்கு அந்தத் தொல்லை இல்லை. அதன் டிரைவை ஊரிலேயே செய்கிறார்கள், புகைந்தால் மறுநாளே சரிசெய்து தருவார்கள்.

எல்லாம் உண்மை. ஆனால் சேவியர் அந்தச் சர்வோவைத் தொட்டுப் பார்த்த விதத்தை நான் பார்த்துவிட்டேன். தொட்டிலில் இருக்கிற பிள்ளையைத் தொடுவது போல.

“இதெல்லாம் நமக்கு வேணாத வேல, சேவியர். குஜரில கெடக்குது, உள்ள இன்னா போயிருக்கோ” என்றேன். நான் எடுக்காததை அவரும் எடுக்கக் கூடாது என்று இருந்தது.

“ஆமா சகல” என்றார். ஆமாம் என்று சொல்லிக்கொண்டே அதை வாங்கினார். பஸ்ஸில் அந்த மூட்டை இரண்டு பேர் இடத்தைப் பிடித்துக்கொண்டது. நான் நின்றுகொண்டு வந்தேன்.

மெஷினின் மூளைக்கும் அப்படித்தான். அவர் பச்சை எழுத்தில் அளவு காட்டுகிற ஒரு கண்ட்ரோலர் பெட்டி பிடித்தார். நான் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை எடுத்து, பிரிண்டர் சொருகுகிற இடத்திலிருந்து டிரைவுக்குக் கம்பி இழுத்தேன். கம்பி விற்றவர், மேலே வலை போர்த்திய ஷீல்டு கேபிளைக் காட்டினார். இவ்வளவு கிட்டத்துக்கு இது எதற்கு என்று சாதாக் கேபிளே வாங்கினேன்.

அப்பாவின் மணி

பொறாமை எங்கள் வீட்டில் வழிவழியாக வருகிற சொத்து. அப்பா தங்கவயலில் சுரங்க வாயில் மணி அடிக்கிறவர். ஆட்கள் ஏறிய கூண்டை இறக்கு, ஏற்று என்று மணியால்தான் சொல்ல வேண்டும். தூரத்தில் என்ஜின் ரூமில் டிரைவர் உட்கார்ந்திருப்பார். கயிறு எவ்வளவு இறங்கியது என்று காட்ட ஒரு பெரிய முள் இருக்கும். ஆனாலும் அவர் கயிறு சுற்றுகிற டிரம்மின் மேல் சுண்ணாம்புக் கோடு போட்டு வைத்து, அதையும் பார்த்துத்தான் நிறுத்துவார்.

அந்த டிரைவர் மேல் அப்பாவுக்கு ஆயுசு முழுக்க ஆற்றாமை. அவர் உட்கார்ந்து வேலை செய்கிறார் என்பது ஒன்று. அவர் வீட்டு வாசலில் ரோஜா இருந்தது என்பது இன்னொன்று. “நான் மணி அடிச்சாத்தான்டா அவன் கையே அசையும்” என்பார். அந்த டிரைவர் செத்தபோது அப்பாதான் முன்னால் நின்று பெட்டியைத் தூக்கினார். திரும்பி வந்து, “கனம்டா அவன்” என்றார்.

பொருத்தனை

ஹெப்பகோடியில் ஒரு கம்பெனி. அலுமினிய மூடிகளும், அதைவிடப் பெரிய வேலையாகச் சில பிளேட்டுகளும் வெளியே கொடுத்துச் செய்ய ஆள் தேடினார்கள். சேவியரின் ஷெட் ஹெப்பகோடியிலேயே இருந்ததால் அவருக்குத் தகவல் கிடைத்தது. என் பெயரையும் அவர்தான் சொல்லி வைத்தார். இதையும் நான் மறைக்கக் கூடாது.

அந்த வேலை கிடைத்தால் பட்டறை பிழைக்கும். கிடைக்காவிட்டால் லேத்தையும் விற்றுவிட்டு, யாரோ ஒருவர் கம்பெனி வாசலில் நான் அட்டெண்டன்ஸ் போட வேண்டியதுதான். இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

கம்பெனி அதிகாரி கன்னடக்காரர். குழந்தை இயேசுவிடம் அவருக்கும் பக்தி. “திருவிழா அன்னிக்கு சாயங்காலம் கோயிலுக்கு வருவேன். அப்படியே உங்க மெஷின் ஓடறத பாக்கறேன். மறுநாள் சேவியரோடது” என்றார்.

நான் முழங்காலில் நின்று பொருத்தனை செய்துகொண்டேன். இந்த வருஷம் எங்கள் தெரு வளைவின் சீரியல் லைட்டுக்கு நவநாள் முழுக்க என் வீட்டுக் கரண்ட். லைட் போடுகிற மணி என்பவர் வந்து, வளைவை ஓடவிடுகிற ரோலர் பெட்டியை என் ஷெட்டுக்குள்ளேயே வைத்துவிட்டுப் போனார். பழைய காலத்து மரப்பெட்டி. உள்ளே ஒரு உருளை சுற்றும். அதில் ஒட்டிய பித்தளைத் தகடுகள் மேலேயிருக்கும் விரல்களில் உரசி உரசி, ஒவ்வொரு வரிசை விளக்காக ஏற்றி அணைக்கும். வெளியே வளைவில் பார்த்தால் பாலன் இயேசுவின் கிரீடத்தைச் சுற்றி வெளிச்சம் ஓடும். உள்ளே நீல நீலமாகப் பொறி பறக்கும். எனக்கு அதைப் பார்க்கப் பார்க்க சந்தோஷம். ஆண்டவர் என் ஷெட்டில் உட்கார்ந்திருக்கிற மாதிரி.

மெஷின் ஓடத் தொடங்கிய வாரமே கொடியேற்றமும் ஆனது.

ஷட்டருக்குக் கீழே செருப்பு

பகலில் லேத்தில் கூலி வேலை. சாயங்காலம்தான் மில்லிங் மெஷினைத் தொட முடியும். தொட்டால் முள் ஜீரோவுக்கு வராது. ஒருநாள் இந்தப் பக்கம் தப்பும், ஒருநாள் அந்தப் பக்கம். சந்தேகப்பட்டு ஒரு காலையில் ஓட்டிப் பார்த்தேன். அச்சு அசலாக வந்தது.

காலையில் சரி, சாயங்காலம் தப்பு. சாயங்காலம் என்ன புதிதாக இருக்கிறது? சேவியர் இருக்கிறார். தினமும் செலினைக் கோயில் வரிசையில் நிறுத்திவிட்டு இங்கே வந்து, காப்பி குடித்துக்கொண்டு, என் மெஷினையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

கண் வைக்கிறார் என்று முடிவு கட்டினேன்.

கிறிஸ்மஸ் சாப்பாட்டில் மாமியார் வேறு, “சேவியர் மாப்பிள்ள மெஷினு தப்பு பண்ணா தானா நின்னுடுமாமே. உங்களுது நிக்குமா?” என்று கேட்டிருந்தார். பிரியாணி தொண்டையில் நின்றது. அதுதான் நின்றது.

மெஷினைச் சுற்றித் தீர்த்தம் தெளித்தேன். கம்ப்யூட்டர் மேல் படாமல் பார்த்துக்கொண்டேன். பாலனின் உருவம் பொறித்த ஒரு மெடலை மேசையில் கட்டித் தொங்கவிட்டேன். ‘பாலனே, என் மெஷின் ஓடணும்’ என்று வாய்விட்டு வேண்டினேன். சேவியருடையது ஓடக் கூடாது என்று வேண்ட வாய் வரவில்லை. வாய் வந்துதான் பாலனுக்குத் தெரிய வேண்டுமா என்ன.

அடுத்த சாயங்காலம் ஷட்டரை இறக்கிவிட்டேன். வளைவு லைட்டின் கேபிள் போவதற்காக அடியில் ஒரு சாண் மட்டும் திறந்திருந்தது. “அவன் வந்தா நான் இல்லன்னு சொல்லு” என்று ரெஜினாவிடம் சொன்னேன்.

“மெஷின் ஓடுற சத்தம் கேக்காதா? நீங்க இல்லாம யாரு ஓட்டறாங்க, உங்க அப்பாவா?”

“சொன்னதச் சொல்லு.”

சிறிது நேரத்தில் அந்த ஒரு சாண் இடைவெளியில் இரண்டு செருப்புகள் வந்து நின்றன. பழுப்புத் தோல் செருப்பு. போன கிறிஸ்மஸுக்கு நான் வாங்கிக் கொடுத்தது.

“அக்கா, சகல இல்லியா?”

“இல்லப்பா. மெஷின் மட்டும் கீது” என்றாள் ரெஜினா. என் மனைவிக்குப் பொய் வராது. வந்தால் இப்படித்தான் வரும்.

செருப்புகள் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றன. பிறகு, “நல்லா ஓடுது. சக்கத்தா ஓடுது” என்று யாருக்கோ சொல்வது போலச் சொல்லிவிட்டு நகர்ந்தன.

முள்ளைப் பார்த்தேன். அன்றும் ஜீரோ இல்லை. ஷட்டருக்கு வெளியே நின்றாலும் கண் படும் போலிருக்கிறது என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

கரகரத்த ரேடியோ

திருவிழாவுக்கு முந்தைய சாயங்காலம். தலையில் கை வைத்துக்கொண்டு மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். சமையலறையிலிருந்து ரெஜினா ரேடியோவோடு வந்தாள்.

“இத கொஞ்சம் பாருங்க. இந்த வாரம் பூரா ஒரு பாட்டு ஒழுங்கா கேக்க முடியல. கர்ர் கர்ர்னு கத்துது.”

“எனக்கு இருக்கிற பேஜாருல உனக்கு ரேடியோவா?”

“மணி வந்து லைட் போட்டா ஆரம்பிக்குது. அணைச்சா நின்னுடுது. உங்க பொருத்தனை எனக்குத்தான் வந்து விடிஞ்சுது.”

ரேடியோவை வாங்கிக்கொண்டு ரோலர் பெட்டி பக்கம் போனேன். கரகரப்பு அதிகமானது. உள்ளே பித்தளை உரசி நீலப் பொறி பறக்கிற ஒவ்வொரு தடவையும் ஒரு ‘கர்ர்’. பொறிக்கும் சத்தத்துக்கும் ஒரே தாளம். ரேடியோவை அப்படியே என் சாதாக் கேபிள் மேல் வைத்தேன். அங்கேயும் அதே தாளம்.

புரிந்துவிட்டது. அந்தப் பொறியின் அதிர்வை என் கேபிள் வாங்கிக்கொண்டு, கம்ப்யூட்டர் அனுப்பிய துடிப்பு என்று டிரைவிடம் கொடுத்துவிடுகிறது. டிரைவும் நம்பி மோட்டாரைக் கூடுதலாக ஒரு அடி நடக்க விடுகிறது. ஸ்டெப்பருக்குப் பின்னால் கண் இல்லை. யார் சொன்னது என்று அது கேட்காது.

ஷீல்டு கேபிள் இருந்தால் தப்பித்திருப்பேன். மறுநாள் சங்கராந்தி, கடை எல்லாம் அடைப்பு. ரோலரை நிறுத்தலாம் என்றால், திருவிழா சாயங்காலம் பாலனின் கிரீடம் அணைந்து கிடக்க, நான் உள்ளே மெஷின் ஓட்ட வேண்டும். அந்தப் பாவம் வேண்டாம்.

“சேவியர் வீட்ல அந்தக் கேபிள் மிச்சம் இருக்கும். செலின் சொன்னா, கட்டிலுக்கு அடியில ஒரு சுருள் கீதுன்னு” என்றாள் ரெஜினா.

நான் டயல் கேஜைத் துடைக்க ஆரம்பித்தேன்.

“போய்க் கேளுங்க. இப்ப அந்த ஷட்டரத் தூக்கற வழியப் பாருங்க.”

கட்டிலுக்கு அடியில் இருந்த சுருள்

காலை பஸ்ஸில் ஹெப்பகோடி போய்ச் சேர்ந்தபோது, சேவியர் ஷெட்டில் மெஷின் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். மேசை பாதி வழியில் நின்றிருந்தது. டிரைவில் சிவப்பு விளக்கு. பக்கத்துக் கன்னட வீட்டார் சங்கராந்திக்குக் கொடுத்த எள்ளு வெல்லம் தட்டில் அப்படியே இருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து அதை நீட்டினார்.

விஷயத்தைச் சொன்னேன். ரோலர், ரேடியோ, கேபிள். கண் வைத்தார் என்று நினைத்ததை மட்டும் சொல்லவில்லை. அவர் ஒரு வார்த்தை கேட்காமல் உள்ளே போய்ச் சுருளைக் கொண்டுவந்தார்.

“இத ஒரு பக்கம் மட்டும் எர்த் பண்ணணும் சகல. ரெண்டு பக்கமும் பண்ணா திரும்பவும் வம்பு. நானே வந்து மாட்டித் தரேன்.”

“உன் மெஷின் இன்னா ஆச்சு?”

“நாளைக்கு அந்த சார் வராரு. இது நிக்குது. கொஞ்சம் தூரம் போகும், சொன்ன எடத்துக்கு வரலன்னு அலாரம் குடுத்து நின்னுடும். எல்லாத் திருகையும் திருகிப் பாத்துட்டேன்.” நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “தெனமும் நான் உங்க வீட்டுக்கு எதுக்கு வந்தேன்னு நெனச்சீங்க? காப்பிக்கா? உங்களுது நிக்காம ஓடுது, அதப் பாக்கத்தான். வயிறு எரிஞ்சுக்கினே நின்னேன். பேசாம நீங்க சொன்ன மாதிரி ஸ்டெப்பர் வாங்கியிருக்கலாம்.”

வாயில் எள்ளு வெல்லம் இருந்தது. முழுங்கக் கொஞ்சம் நேரம் ஆயிற்று. ஷட்டருக்குக் கீழே நின்ற செருப்பு ஞாபகம் வந்தது. இவரும் என்னைப் போலத்தானா. மனசுக்குள் ஒரு குளிர்ச்சி பரவியது. நன்றி என்று சொல்ல மாட்டேன். என் மேல் ஒருத்தர் பொறாமைப்பட்டார் என்கிற இனிப்பு அது.

அவர் சட்டை மாற்றப் போனார். நான் சும்மா மேசையின் திருகைக் கையால் திருப்பிப் பார்த்தேன். பாதி வரை வெண்ணெய் மாதிரி வந்தது. அதற்கு மேல் கனத்தது. மேசை ஆடாமல் இருக்க ஓரத்தில் கிப் என்று ஒரு ஒல்லியான இரும்புப் பட்டை இருக்கும். அதை அவர் அளவுக்கு மேல் இறுக்கி வைத்திருந்தார். மேசை அங்கே பிடிக்கிறது. மோட்டார் திணறுகிறது. பின்னால் இருக்கிற கண் அதைப் பார்த்து நிறுத்திவிடுகிறது. கோளாறு டிரைவில் இல்லவே இல்லை. சர்வோ சரியாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

ஒரு ஸ்பேனர் வேலை.

சேவியர் தலை வாரிக்கொண்டு வந்தார். “போலாமா சகல?”

“போலாம்” என்றேன்.

ஸ்கூட்டரில் அவர் பின்னால் உட்கார்ந்து, கேபிள் சுருளை மடியில் வைத்துக்கொண்டு விவேக் நகர் வரை வந்தேன். வழி நெடுக அவர் பேசினார். நான் பேசவில்லை. நாளைக்கு அவர் மெஷின் நின்றால் வேலை முழுவதும் எனக்கு. நான் ஒன்றும் செய்ய வேண்டாம். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும்.

கிரீடம் ஓடிக்கொண்டே இருந்தது

சாயங்காலத்துக்குள் பழைய கேபிளைப் பிடுங்கிப் புதியதை மாட்டினோம். அவரே பல்லால் ஷீல்டைப் பிரித்து முறுக்கினார். மணி வந்து லைட்டைப் போட்டார். ரோலர் சுற்றியது, பொறி பறந்தது, தெருவில் ஜனம் “ஆ” என்றது.

அதிகாரி நெற்றியில் வியர்வையும் கையில் மாலையுமாக வந்தார். மெஷின் பாடிக்கொண்டே வெட்டியது. மேசை திரும்பியது. இந்தத் தடவை நான் முதுகால் மறைக்கவில்லை. முள் ஜீரோவில் நின்றது.

“சென்னாகிதெ” என்றார் அதிகாரி. நன்றாக இருக்கிறது என்று. மூடியை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, நாளைக்கு ஹெப்பகோடியில் பார்க்கலாம் என்று சேவியரிடம் சொல்லிவிட்டுக் கூட்டத்தில் கலந்துவிட்டார்.

சேவியர் ஷட்டரில் சாய்ந்து காப்பி குடித்தார். என் மூடியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்தது எனக்கு நன்றாகத் தெரிந்த முகம். கண்ணாடியில் பார்த்திருக்கிறேன்.

வளைவில் பாலனின் கிரீடத்தைச் சுற்றி வெளிச்சம் ஓடிக்கொண்டே இருந்தது. என் கரண்டில்தான் ஓடியது.

“சேவியர்” என்றேன். “உன் மேச பாதிக்கு மேல பிடிக்குது. கிப் டைட்டு. கொஞ்சம் லூஸ் பண்ணு, அலாரம் நின்னுடும்.”

அவர் தம்ளரை வாயிலிருந்து எடுத்தார். “எப்பத் தெரியும்?”

“காலைல.”

மிச்சக் காப்பியைக் குடித்து முடித்தார். பிறகு தம்ளரை என் கையில் கொடுத்தார். “அப்ப இத நீங்க கழுவுங்க” என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் அவர் மெஷின் ஓடியது. சர்வோ இல்லையா, என்னுடையதைவிட வேகம். பெரிய வேலையான பிளேட்டுகள் அவருக்குப் போயின. மூடிகள் எனக்கு வந்தன. பட்டறை பிழைத்தது. லேத்தை விற்கவில்லை. குழந்தை இயேசுவுக்கு நன்றி. ஆனால் அவர் ஷெட்டில் அந்த மெஷின் சத்தமில்லாமல் ஓடுவதைப் பார்க்கும்போது இன்றும் என் நெஞ்சில் ஏதோ ஏறி இறங்குகிறது. மன்றாட்டில் அதையும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

இத்தனை நாள் தயங்கிவிட்டு இப்போது ஏன் எழுதினேன் என்றால், குடும்பத்தில் இந்தக் கதை ஆளுக்கொரு மாதிரி ஓடிக்கொண்டிருக்கிறது. மாமியார் சொல்வதில் சேவியர் மாப்பிள்ளை வந்து என் மெஷினைச் சரிசெய்தார், அவ்வளவுதான். ரெஜினா சொல்வதில் கேபிள் வராது, கிப் மட்டும் வரும். சேவியரின் பிள்ளைகள் சொல்வதில் ஷட்டருக்குக் கீழே செருப்பு மட்டும்தான், அதற்கே விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள்.

ஆகவே வாசகர்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். இதை யாருக்காவது சொல்வதானால் நான் எழுதினபடியே சொல்லுங்கள். ரோலர் பெட்டி என் பொருத்தனை. கண்டுபிடித்தது ரெஜினாவின் ரேடியோ. கேபிள் அவருடையது. கிப்பைச் சொன்னது நான், அதுவும் என் முள் ஜீரோவில் நின்ற பிறகு. கூட்ட வேண்டாம், குறைக்க வேண்டாம். கேட்கிறவர்களும் என் மோட்டார் மாதிரிதான். நடுவில் யாரோ சேர்த்துவிட்ட துடிப்பையும் நம்பி ஒரு அடி நகர்ந்துவிடுவார்கள்.